பென்ஷன் பேப்பர்ல என்ன எழுதியிருக்குன்னு யாராவது படிச்சி சொல்லுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கொடிநாள் செய்தி நம்ம பேப்பர்ல பாத்தேன். கொக்கிரகுளம் கலெக்டர் ஆபிஸ்ல முன்னாள் படைவீரர் குடும்பங்களுக்கு உதவி கொடுத்த போட்டோவும் பாத்தேன், சந்தோஷம். கொடிநாள் 1949லருந்து டிசம்பர் 7 அன்னைக்கு நடந்துட்டு வருது, நடக்கவும் வேணும். ஆனா அந்த போட்டோவுல வராத ஒரு கூட்டம் நம்ம திருநெல்வேலி சீமையில ஊருக்கு ஊரு இருக்கு. சர்வீஸ்ல இருக்கும்போது அடிபட்டோ சீக்குல விழுந்தோ திரும்பி வந்தவங்க. கை காலு போனவங்கள மட்டும் சொல்லல, முட்டி மடங்காதவரு, டிஸ்க் வெலகுனவரு, பீரங்கிச் சத்தத்துல காது போனவரு, வலிப்பு வந்து அனுப்பி வச்சவரு, எல்லாரையும் சேத்துதான் சொல்லுதேன். இவங்கள்ல நெறைய பேருக்கு ஊனத்துக்குன்னு வர வேண்டிய டிசெபிலிட்டி பென்ஷன் முழுசா வரல, சில பேருக்கு ஒரு ரூவா கூட வரல. காரணம் என்னன்னு கேட்டா, அவங்க கையில இருக்கிற பேப்பர்ல என்ன எழுதியிருக்குன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் அவங்களுக்கு படிச்சி சொல்லல.

நான் ஆர்மியில கிளார்க்கா இருந்து ஹவில்தாரா ரிட்டயர் ஆனவன். ஊரு களக்காடு பக்கம். நம்ம பக்கத்துல ஒரு தெருவுல நாலு மிலிட்டரிக்காரர் வீடு இருக்கும்னு உங்களுக்கே தெரியும், அதனால ஃபார்ம் பூர்த்தி பண்ணணும், லைஃப் சர்டிபிகேட் போடணும், ஸ்பர்ஷ்ங்கிற பென்ஷன் வெப்சைட்டுல பாஸ்வேர்டு போச்சின்னு ஆளுங்க வீட்டுக்கு வந்துக்கிட்டே இருப்பாங்க. வாரவங்க கிட்ட நான் மொதல்ல கேக்குறது டிஸ்சார்ஜ் புக்கும், பிபிஓங்கிற பென்ஷன் ஆர்டரும். அதுல முக்கால்வாசி விஷயம் தெரிஞ்சி போவும்.

போன தடவ வள்ளியூர் பக்கமிருந்து ஒரு அண்ணாச்சி வந்தாரு. பீரங்கிப் படையில, ஆர்ட்டிலரில கன்னர். பேசுறது காதுல விழாது, வலது பக்கம் உக்காந்து கொஞ்சம் ஒறக்கப் பேசுனாதான் கேக்கும். ரேஷன் கடைப் பையில சுருட்டி ஒரு லெட்டர் கொண்டுவந்தாரு, மடிச்ச எடமெல்லாம் கிழிஞ்சி செல்லோடேப் ஒட்டி, அந்த டேப்பும் பழுத்துப் போய் இருந்துது. பென்ஷனுக்கு வந்த ரிஜெக்‌ஷன் லெட்டர். காது கேக்காம போனது சர்வீஸால வந்ததும் இல்ல, சர்வீஸால கூடுனதும் இல்லன்னு மூணு வரி. அந்த மூணு வரியதான் யாரோ அவருக்கு அன்னைக்கு படிச்சி சொல்லியிருக்காங்க. கீழ கடைசிப் பத்தியில, இந்த முடிவு சரியில்லன்னு நெனச்சா ஆறு மாசத்துக்குள்ள அப்பீல் பண்ணலாம்னு தெளிவா போட்டிருக்கு. அத யாரும் அவருக்கு சொல்லவே இல்ல. கவர்மெண்டு முடியாதுன்னு சொல்லிட்டுன்னு அந்த லெட்டர ட்ரங்க் பெட்டியில போட்டு பூட்டி வச்சிட்டாரு மனுசன், பிள்ளைகளுக்கு கல்யாணமே முடிஞ்சி போச்சி.

இது அந்த அண்ணாச்சி ஒருத்தர் கதை இல்ல. டிஸ்சார்ஜுக்கு முன்னால ஒரு மெடிக்கல் போர்டு உக்காரும், ஆள பாத்து ஏஎஃப்எம்எஸ்எஃப் 16ன்னு ஒரு ஃபார்ம்ல எழுதுவாங்க. அதுல ரெண்டு எடம்தான் உயிரு. ஒண்ணு எத்தனை சதவீதம் ஊனம்ங்கிறது. இன்னொண்ணு அது சர்வீஸால வந்ததா, சர்வீஸால கூடுனதா, இல்ல ரெண்டும் இல்லையாங்கிறது. ரெண்டும் இல்லன்னு எழுதிட்டா கதை முடிஞ்சிது, எங்க ஆளுங்க பேச்சுல, இங்கிலீஷ் வார்த்தைகளோட மொத எழுத்தச் சேத்து, அதுக்கு 'நானா' போட்டுட்டாங்கன்னு பேரு. வீட்டுக்குப் போற சந்தோஷத்துல இருக்கிற ஜவான், காட்டுற எடத்துலெல்லாம் கையெழுத்து போட்டுட்டு ரயில் ஏறிருவான், நானே எத்தனையோ பேருக்கு அப்படி பேப்பர் நீட்டியிருக்கேன், ஒருத்தராவது நின்னு இது என்னன்னு கேட்டது கெடையாது, அவங்களுக்கு கேக்கத் தெரியாது, எங்களுக்கும் அன்னைக்கு சொல்லணும்னு ஒரு வழக்கம் இல்ல.

இந்த 'நானா' கடவுள் எழுதுன எழுத்து இல்ல, ஒரு டாக்டரோட அபிப்பிராயம். இத சுப்ரீம் கோர்ட்டே சொல்லிட்டு. 2013 ஜூலை 2ஆம் தேதி வந்த தரம்வீர் சிங் தீர்ப்பு. சிக்னல்ஸ்ல 1985ல சிப்பாயா சேந்தவரு, வலிப்பு வந்து 1994ல போர்டு அவுட் ஆனவரு, அதாவது மெடிக்கல் போர்டு பாத்து பாதியில வீட்டுக்கு அனுப்பினவரு, 20 சதவீதம்னு போட்டு இது பொறவியிலேயே உள்ள கோளாறு, சர்வீஸுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லன்னு அனுப்பிட்டாங்க. கோர்ட் என்ன சொல்லிச்சின்னா, ஆள் சேரும்போது நீங்கதான மெடிக்கல் பண்ணி ஃபிட்டுன்னு எடுத்தீங்க, அன்னைக்கு இந்த நோவு இருக்குன்னு எங்கயும் எழுதலயே, அப்ப சர்வீஸ்ல வச்சிதான் வந்ததுன்னு எடுத்துக்கணும், இல்லன்னு நிரூபிக்க வேண்டியது நீங்கதான், சந்தேகம் இருந்தா அதோட பலன் ஜவானுக்குன்னு சொல்லிச்சி. இது கோர்ட்டு புதுசா கண்டுபிடிச்சது இல்ல, 1982 எண்டைட்டில்மெண்ட் ரூல்ஸ்லயே இருக்கிறதுதான். அடுத்த வருசம் 2014ல சுக்விந்தர் சிங் கேசுல இன்னொண்ணு சொன்னாங்க, ஊனத்தக் காரணமா காட்டி ஒருத்தர வெளிய அனுப்பிட்டா அவருக்கு 20 சதவீதத்துக்கு மேல இருக்குன்னுதான் எடுத்துக்கணும், 15ன்னும் 19ன்னும் போட்டு தட்டிவிடக் கூடாதுன்னு.

அடுத்தது சதவீதம். இதுல ஏமாறுறவங்கதான் ரொம்ப. டிசெபிலிட்டி பென்ஷன்ல ரெண்டு பங்கு இருக்கு, பாத்த சர்வீஸுக்கு சர்வீஸ் எலிமெண்ட், ஊனத்துக்கு டிசெபிலிட்டி எலிமெண்ட். டிசெபிலிட்டி எலிமெண்ட்டுங்கிறது 100 சதவீத ஊனத்துக்கு கடைசி சம்பளத்துல 30 சதவீதம், கொறஞ்ச ஊனத்துக்கு அந்தக் கணக்குல கொறையும். கடைசியா பேசிக்கும் மிலிட்டரி சர்வீஸ் பேயும் சேந்து 40,000 வாங்குனவருன்னு வச்சிக்கிடுங்க. 100 சதவீதத்துக்கு 12,000. இவருக்கு 20 சதவீதம்னு எழுதியிருந்தா 2,400தான் வரும். ஆனா பிராட் பேண்டிங்னு ஒண்ணு இருக்கு. 50க்கு கீழ உள்ளத 50ஆ எடுக்கணும், 50லருந்து 75 வரைக்கும் 75, 76லருந்து மேல 100. அப்ப நம்ம ஆளுக்கு 20க்கு பதிலா 50, மாசம் 6,000. வித்தியாசம் மாசத்துக்கு 3,600, வருசத்துக்கு 43,200, அதுக்கு மேல டிஏ தனி. நாங்குநேரி பக்கம் ரெண்டு பொம்பளப் பிள்ளைகள வச்சிக்கிட்டு செக்யூரிட்டி வேலைக்கு போற ஒருத்தருக்கு இந்தக் காசு என்னன்னு நான் சொல்ல வேண்டாம்.

இந்த பிராட் பேண்டிங் 1996 ஜனவரி 1லருந்து இருக்கு, ஆனா மொதல்ல போர்டு அவுட் ஆனவங்களுக்கு மட்டும்னு வச்சிருந்தாங்க. சர்வீஸ முழுசா முடிச்சி ரிட்டயர் ஆனவங்களுக்கு கெடையாதுன்னாங்க. அதே காலு, அதே அடி, முடியாமலும் பல்லக் கடிச்சிக்கிட்டு சர்வீஸ முடிச்சவனுக்கு கொறைச்சி, பாதியில வந்தவனுக்கு கூடன்னா என்ன நியாயம். 2014 டிசம்பர் 10ஆம் தேதி ராம் அவ்தார் கேசுல சுப்ரீம் கோர்ட் மூணு நீதிபதி பெஞ்ச் அத ஒதறிட்டு, ரிட்டயர் ஆனவங்களுக்கும் உண்டுன்னு தீர்ப்பு கொடுத்துட்டு. அப்படி இருந்தும் எங்க பக்கத்துல இன்னும் பழைய 20ம் 30மா வாங்கிட்டு இருக்கிறவங்க இருக்காங்க. பேங்க் பாஸ்புக்க மட்டும் பாத்தா தெரியாது, பென்ஷன் வந்துட்டுதான இருக்குன்னு நெனச்சிக்கிடுவாங்க. பிபிஓவ எடுத்து டிசெபிலிட்டி எலிமெண்ட் எத்தனை சதவீதத்துக்கு போட்டிருக்குன்னு பாத்தாதான் தெரியும்.

15 வருசம் ஆகல, அதனால எனக்கு பென்ஷனே கெடையாதுன்னு உக்காந்திருக்கிறவங்க வேற இருக்காங்க. சாதா பென்ஷனுக்குத்தான் ஜவானுக்கு அந்த 15 வருசக் கணக்கு. ஊனம் சர்வீஸால வந்ததுன்னு ஏத்துக்கிட்டா சர்வீஸ் எலிமெண்ட்டுக்கு கொறைஞ்சபட்ச வருசக் கணக்கே கெடையாது. சொந்த விருப்பத்துல முன்கூட்டி வந்தவங்களுக்கும் டிசெபிலிட்டி எலிமெண்ட் உண்டு, ஒரு காலத்துல கெடையாதுன்னு இருந்துது, 2006 ஜனவரி 1க்கு பெறகு வந்தவங்களுக்கு உண்டுன்னு மாத்துனாங்க. நானே கேட்டுத்தான வந்தேன், எனக்கு எங்க கொடுப்பான்னு இன்னும் சொல்லிட்டு திரியுதாங்க. 100 சதவீதம் ஊனமாகி, கூட ஒரு ஆளு இல்லாம எழுந்திரிக்க முடியாதுன்னு போர்டு சிபாரிசு பண்ணியிருந்தா கான்ஸ்டண்ட் அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் தனியா உண்டு, ஏழாவது சம்பளக் கமிஷன்ல அத 4,500லருந்து 6,750 ஆக்குனாங்க. சண்டையில அடிபட்டவங்களுக்கு வார் இஞ்சுரி பென்ஷன், அதுல சர்வீஸ முடிச்சி ரிட்டயர் ஆனவங்களுக்கு 30க்கு பதிலா 60 சதவீதக் கணக்கு, போர்டு அவுட் ஆனவங்களுக்கு அதவிடவும் கூட. நம்ம ஆளு எந்த கேட்டகரின்னு பிபிஓவுல சரியா விழுந்திருக்கான்னு பாக்கணும்.

இன்னொரு கொழப்பம். மெடிக்கல் காலேஜ்ல போய் மாற்றுத்திறனாளி கார்டு வாங்கிட்டு, இங்க 60 சதவீதம் போட்டிருக்கான், மிலிட்டரில 20தான் போட்டான், பென்ஷன கூட்டிக் கொடுன்னு மனு எழுதிட்டு வாராங்க. ரெண்டும் வேற வேற. அந்த கார்டு 2016 மாற்றுத்திறனாளி சட்டத்துக்கு கீழ வர்ற சலுகைகளுக்கு, கண்டிப்பா வாங்கி வச்சிக்கிடுங்க. பென்ஷனுக்கு மிலிட்டரி போர்டு போட்ட சதவீதம்தான் கணக்கு, அது இப்ப கூடிப் போச்சின்னா திரும்பப் பரிசோதிக்கிற ரீசர்வே மெடிக்கல் போர்டு கேட்டு உங்க ரெஜிமெண்ட்டோட ரெக்கார்ட்ஸ் ஆபிஸுக்குத்தான் எழுதணும்.

சரி, பேப்பர் கையில இல்லாதவங்க என்ன செய்ய. மெட்ராஸ் ரெஜிமெண்ட்னா வெலிங்டன், மெட்ராஸ் இன்ஜினியர்ஸ்னா பெங்களூரு, இஎம்இன்னா செகந்திராபாத், அவங்கவங்க ரெக்கார்ட்ஸ் ஆபிஸுக்கு ஆர்டிஐல, அதாவது தகவல் உரிமைச் சட்டத்துல, பத்து ரூவா போஸ்டல் ஆர்டர் வச்சி எழுதுங்க. என்னோட ரிலீஸ் மெடிக்கல் போர்டு பேப்பரும் இஞ்சுரி ரிப்போர்ட்டும் காப்பி வேணும், இவ்வளவு எழுதுனா போதும். ஆர்மி நம்பர், ரேங்க், டிஸ்சார்ஜ் ஆன தேதி சரியா போடணும். அடிபட்ட கேசுனா ஐஏஎஃப்ஒய் 2006ன்னு ஒரு ஃபார்ம், யூனிட்ல சிஓ, அதாவது கமாண்டிங் ஆபிசர், கையெழுத்து போட்டு, டியூட்டில இருந்தாரா இல்லையான்னு எழுதியிருப்பாரு, அந்த ஒரு வரி பெரிய பலம். பென்ஷன் இல்லாம வந்தவங்க வெரசா செய்யணும், அவங்க ரெக்கார்ட 25 வருசத்துக்கு மேல வச்சிருக்க மாட்டாங்க, அழிச்சிருவாங்க. பேப்பர் வந்ததும் ஃபர்ஸ்ட் அப்பீல், அது போச்சின்னா செகண்ட் அப்பீல், அதுவும் போச்சின்னா சென்னையில ஆர்ம்டு ஃபோர்சஸ் டிரிபியூனல். 2007 சட்டத்துல வந்து 2009லருந்து நடக்கிற கோர்ட்டு அது, நமக்குன்னே உள்ளது.

இதுலதான் நம்ம தென் மாவட்டத்துக்காரங்க லோல்படுதாங்க. அம்பாசமுத்திரத்துலருந்து ஒரு கால் வராத மனுசன் நெல்லை எக்ஸ்பிரஸ்ல ராத்திரி ஏறி காலையில எழும்பூர்ல இறங்கி, வாய்தா போட்டுட்டாங்கன்னா அன்னைக்கு ராத்திரியே திரும்பணும். ஹைகோர்ட்டுக்கு 2004லருந்து மதுரையில கிளை இருக்கு. டிரிபியூனலும் மதுரையில வந்து ஒழுங்கா உக்காந்து தென் மாவட்டத்து கேச கேட்டா எத்தனையோ பேரு பொழைச்சிப் போவாங்க. நம்ம எம்பிமாரு இத பார்லிமெண்ட்ல கேக்கணும், உங்க பேப்பர் எழுதுனா கேப்பாங்க.

வக்கீலுக்கு காசு எங்க போறதுன்னு கேப்பீங்க. 1987 சட்ட சேவைகள் ஆணையச் சட்டம் 12ஆம் பிரிவுல ஊனமுற்றவங்களுக்கும் பொம்பளையளுக்கும் இலவசமா வக்கீல் உண்டு. 2025 ஜூலை 26 கார்கில் நாளன்னைக்கு ஸ்ரீநகர்ல தேசிய சட்ட சேவைகள் ஆணையம் நால்சாக்காரங்க வீர் பரிவார் சகாயதா யோஜனான்னு தொடங்கி வச்சாங்க, மாவட்ட சைனிக் போர்டு ஆபிஸ்லயே சட்ட உதவி கிளினிக் வைக்கிறதுக்கு. நம்ம ஊருப் பேச்சுல சைனிக் போர்டுன்னா முன்னாள் படைவீரர் நல அலுவலகம். அங்க போய் சட்ட உதவிக்கு யாரப் பாக்கணும்னு தைரியமா கேளுங்க. இத கேக்காம அரியர்ஸ்ல பாதி எனக்குன்னு பேசுற புரோக்கர் கையில பேப்பரக் கொடுத்துட்டு அழுதவங்கள எனக்குத் தெரியும். இப்ப அதவிட மோசம், ஸ்பர்ஷ்லருந்து பேசுதோம், பிபிஓ நம்பரும் ஓடிபியும் சொல்லுங்கன்னு போன் வருது. யாருக்கும் ஓடிபி சொல்லாதீங்க. வயசானவங்க வீட்டுல பிள்ளைகள் இத தெனம் ஒருக்கா சொல்லி வைக்கணும்.

வீட்டுக்காரம்மா பேரு விஷயமும் இருக்கு. ஒரு அம்மாவுக்கு சர்வீஸ் ரெக்கார்டுல முத்தம்மாள், ஆதார்ல முத்துலெட்சுமின்னு இருக்குன்னு வச்சிக்கிடுங்க, நம்ம பக்கத்துல இது ரொம்ப சாதாரணம், கூப்பிடுற பேரு ஒண்ணு எழுதுற பேரு ஒண்ணு. அவரு இருக்கிற வரைக்கும் ஒண்ணும் தெரியாது. அவரு போன பெறகு அந்தம்மா ஃபேமிலி பென்ஷனுக்கு அலையும் பாருங்க, சொல்லி மாளாது. ஆளு உயிரோட இருக்கும்போதே ரெக்கார்ட்ஸுக்கு எழுதி பேரையும் பொறந்த தேதியையும் சரிபண்ணி, ஸ்பர்ஷ்லயும் ஏறிட்டுதான்னு பாத்துக்கிடுங்க. இதுக்கு கேசும் வேண்டாம் வக்கீலும் வேண்டாம்.

டிசெபிலிட்டி பென்ஷன சும்மா வாங்குறவங்களும் இருக்காங்கன்னு ஒரு பேச்சு ரொம்ப நாளா இருக்கு, 2023 செப்டம்பர் 21லருந்து புது ரூல்ஸ் கொண்டுவந்து இறுக்கியும் விட்டாங்க. அந்தத் தேதிக்குப் பெறகு வந்தவங்க பழைய ரூல்ஸ வச்சி எழுதாம புது ரூல்ஸ பாத்து எழுதணும். தப்பா வாங்குறவன் இருந்தா புடிங்க, யாரு வேண்டாங்கா. ஆனா நான் பாக்கிற ஆளுங்க பீரங்கிக்குப் பக்கத்துல நின்னு காது போனவங்க, மலை ரோட்டுல வண்டி உருண்டு இடுப்பு ஒடிஞ்ச டிரைவருங்க. பதினெட்டு வயசுல ஓட்டம், கயிறு, எடை, கண்ணு, காதுன்னு ஒண்ணு விடாம பாத்து எடுத்துட்டு, முப்பத்தஞ்சுல ஒடைஞ்சி வாரவன பாத்து இதுக்கும் எங்களுக்கும் சம்பந்தம் இல்லன்னு சொன்னா எனக்கு வயிறு எரியுது. சம்பளம் கொடுத்தோம்லான்னு சில பேரு சொல்லுதாங்க. சம்பளம் வேலைக்கு, போன காதுக்கு இல்ல.

ஆசிரியர் அவர்களே, உங்களால ஆகிற காரியம் ஒண்ணு இருக்கு. வாரத்துல ஒரு நாளு ஒரு பெட்டிச் செய்தி போடுங்க. பிபிஓவுல எந்த வரியப் பாக்கணும், ஆர்டிஐ எப்படி எழுதணும், அப்பீல் எங்க அனுப்பணும், அவ்வளவுதான். டீக்கடையில வச்சி யாராவது ஒறக்கப் படிப்பாங்க, படிக்கத் தெரியாதவரு காதுலயும் விழும். மாவட்ட நிர்வாகமும் முன்னாள் படைவீரர் நல அலுவலகமும் சேந்து நாங்குநேரி, அம்பை, ராதாபுரம், சேரன்மகாதேவி தாலுகா ஆபிஸ்ல மாசத்துக்கு ஒரு நாள் ஒரு மேசையப் போட்டு, இந்தப் பேப்பர் படிக்கத் தெரிஞ்ச ஒருத்தர உக்கார வைக்கணும். எங்கள மாதிரி ரிட்டயர் ஆன கிளார்க்குங்க மாவட்டத்துல நெறைய பேரு சும்மாதான் இருக்கோம், கூப்பிட்டா காசு வாங்காம வந்து உக்காருவோம்.

வாசகர்களுக்கு ஒண்ணு. உங்க சித்தப்பாவோ மாமாவோ தெருவுல ஒரு தாத்தாவோ மிலிட்டரில இருந்து அடிபட்டு வந்தவரா இருந்தா, இந்த ஞாயித்துக்கிழமை போய் அந்த ட்ரங்க் பெட்டியத் தொறக்கச் சொல்லி டிஸ்சார்ஜ் புக்கையும் பிபிஓவையும் வாங்கிப் பாருங்க. ரிஜெக்‌ஷன் லெட்டர் இருந்தா கடைசிப் பத்தி வரைக்கும் படிங்க. ஆறு மாசம் எப்பவோ தாண்டிட்டேன்னு விட்டுராதீங்க, பென்ஷன்ங்கிறது மாசா மாசம் வர்ற உரிமை, லேட்டா போனவங்களுக்கும் கோர்ட்டு கொடுத்திருக்கு. ஆனா 2008 தர்செம் சிங் தீர்ப்பக் காட்டி, கேசு போட்ட தேதிக்கு முன்னால மூணு வருசத்துக்குத்தான் அரியர்ஸ்னு பல கேசுல வெட்டியிருக்காங்க, அதனால இன்னும் தள்ளிப்போடுற ஒவ்வொரு மாசமும் கைய விட்டுப் போற காசு.

வள்ளியூர் அண்ணாச்சிக்கு ஆர்டிஐ போட்டாச்சி, பதில் இன்னும் வரல. வந்ததும் அப்பீல் எழுதணும். என் விலாசத்த தனியா ஒரு பேப்பர்ல எழுதி இதோட வச்சிருக்கேன், பேப்பர்ல போட வேண்டாம், யாராவது கேட்டு வந்தா கொடுங்க.

இப்படிக்கு,
ரிட்டயர்டு ஹவில்தார் கிளார்க் ஒருவர்,
களக்காடு வட்டாரம், திருநெல்வேலி மாவட்டம்.